இன்ஜெக்டர் திறக்கும் நேரம்

ஆர்.எஸ்.மங்கலம்
3-2-2008

மாப்பிள்ளை நாகநாதனுக்கு,

நலம் விசாரிச்சு எழுத மனசு வரல. நேரா விஷயத்துக்கு வாரேன். போன்லயே கேட்டிருக்கலாம். ஆனா என் தங்கச்சி உமையாளுக்குக் கருமாதி முடிஞ்ச மறுநாளே, எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நீங்க ஓசூருக்குப் பஸ் ஏறுனப்பவே நான் சொல்லிட்டேன், இனி உங்க குரலைக் கேக்க மாட்டேன்னு. அந்தச் சொல்லை மாத்துறதா இல்ல. அதான் காயிதம்.

கல்யாணத்துக்கு நாங்க போட்ட காரைச் சாவியோட, ஆர்.சி. புக்கோட திருப்பி விட்டீங்க. பிள்ளை இல்லாம செத்தா சீர் பொறந்த வீட்டுக்குத் திரும்புறது வழக்கம். அதுல குறை சொல்லல. அஞ்சு மாசமா அதை வாடகைக்கு ஓட்டுறேன். டிரைவரு நயினார்கோவில் சோணைமுத்து. ராமநாதபுரம் ஸ்டேஷன்ல ஆளை ஏத்தி ராமேஸ்வரம், தேவிபட்டினம், ஏர்வாடின்னு போய்ட்டு வாரான்.

ஸ்டீரிங்குக்குக் கீழ ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டி வச்சிருக்கீங்கள்ல, எத்தனை லிட்டர் செலவாச்சுன்னு நம்பர் காட்டுறது. நீங்களே பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருந்தப்ப செஞ்சதுன்னு உமையா பெருமையாச் சொல்லும். பொங்கல்ல இருந்து நான் அதைப் பாக்க ஆரம்பிச்சேன். கிளம்புறப்ப டேங்கை வாய் வரைக்கும் நிரப்பிப் பெட்டியைச் சைபர் ஆக்கிருவேன். திரும்பி வந்து மறுபடி வாய் வரைக்கும் நிரப்புவேன். பெட்டி ஏழு லிட்டர்ங்குது. பங்க்ல ஒம்போதரை புடிக்குது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, பதினோரு ட்ரிப்பும் இப்படித்தான்.

ஒண்ணு உங்க பெட்டி தப்பு. இல்லாட்டி சோணைமுத்து பெட்ரோலைத் திருடுறான். பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டுறவன், ஒரு சொல்லு வாங்குனதில்ல. எதுன்னு எழுதுங்க.

மருதுபாண்டி

---

ஓசூர்
9-2-2008

மச்சான் அவர்களுக்கு,

என் பெட்டி தப்பாகக் காட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெல் மூட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தே எடை சொல்கிற ஊரிலிருந்து இப்படியொரு கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இருந்தாலும் விளக்குகிறேன். புரியாவிட்டால் இரண்டு தடவை படியுங்கள்.

இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிப்பது இன்ஜெக்டர் என்ற சின்னக் குழாய். கார் கம்ப்யூட்டர் அதற்கு மின்சாரம் கொடுத்து 'திற' என்கிறது. நிறுத்தி 'மூடு' என்கிறது. அந்த ஒயரில் எவ்வளவு நேரம் மின்சாரம் இருந்தது என்று கூட்டினால் எவ்வளவு பெட்ரோல் போனது என்று கணக்கிடலாம். இதுவரை எந்த மெக்கானிக்கும் சொல்வான். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மின்சாரம் வந்த அந்தக் கணமே குழாய் திறந்துவிடாது. உள்ளே இருக்கும் ஊசி எழும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்தில் பெட்ரோல் இறங்காது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவை திறந்தால், ஆயிரம் தடவையும் இந்தத் தாமதத்தைக் கழிக்க வேண்டும். கழிக்காத பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. நின்று உறுமும் வண்டியில் அவை ஒன்றரை மடங்கு காட்டும். முட்டாள்கள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு வண்டி அதிகம் குடிக்கிறது என்று அழுவார்கள்.

நான் கழித்திருக்கிறேன். அந்த எண்ணை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அதே வகை இன்ஜெக்டரை வாங்கி, கண்ணாடிக் குழாயில் பெட்ரோலைப் பிடித்து, என் கையால் அளந்து போட்டேன்.

ஆக, பெட்டி சரி. மிச்சம் இருப்பது உங்கள் சோணைமுத்து. ட்ரிப்புக்கு இரண்டரை லிட்டர் தானாக ஆவியாகாது. பதினெட்டு வருஷம் ஒரு சொல் வாங்காதவன் என்கிறீர்கள். பதினெட்டு வருஷமாக யாரும் அவனை அளக்கவில்லை என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

நாகநாதன்

---

ஆர்.எஸ்.மங்கலம்
24-2-2008

மாப்பிள்ளைக்கு,

நீங்க எழுதுனதை ரெண்டு தடவை இல்ல, நாலு தடவை படிச்சேன். படிச்சவரு சொல்றாருன்னு நம்பி, ஸ்டேஷன் வாசல்ல அத்தனை டிரைவரும் நிக்கையில கேட்டேன்.

"ஏலே சோணை, மாப்பிள்ளை கணக்குப் போட்டு எழுதிட்டாரு. ரெண்டரை லிட்டர் எங்கடா போகுது?"

"எந்த மாப்பிள்ளைண்ணே?"

"உமையா வீட்டுக்காரரு."

"அவரு ஓசூர்ல இருந்துக்கிட்டே நம்ம டேங்குக்குள்ள எட்டிப் பாக்குறாராக்கும். நல்ல கண்ணுதான்."

எல்லாப் பயலும் சிரிச்சுட்டான். எனக்கு வந்த கோவத்துல சாவியைப் புடுங்கிட்டு, திருட்டுப் பயலேன்னு சொல்லிட்டேன். அதோட சிரிப்பு நின்னு போச்சு.

மறுநா காலையில அவன் பொஞ்சாதி ராக்கு வந்து எங்க களத்துல நின்னுச்சு. "இந்தப் பதினெட்டு வருஷத்துல பெட்ரோல் நாத்தம் அடிக்கிற சட்டையை ஒரு நாள் நான் தொவைச்சதில்ல. உங்க தங்கச்சி மாப்பிள்ளை பெட்டிக்கு வாய் இருக்கு, எங்களுக்கு இல்லையா?"ன்னு கேட்டுச்சு. எங்கம்மா குடுத்த தண்ணியக்கூடத் தொடல.

இப்ப ஸ்டாண்டுல அவனை வண்டி போட விடல. பேரு தெளியட்டும்ங்கிறாங்க. ஊருப் பெரியவங்க கூடி, நயினார்கோவில்ல சாமி முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்னு பேசியிருக்காங்க. பங்குனியில, மார்ச் 28 வெள்ளிக்கிழமை. அவன் மாட்டேங்கிறான். "அணைச்சா, சத்தியம் பண்ணித் தப்பிச்சவன்னு பேசுவீங்க. அணைக்காட்டி, திருடன்னு பேசுவீங்க. ரெண்டுக்கும் எனக்கு எவன் சாவி குடுப்பான்?"னான். வாஸ்தவந்தான். அன்னைக்கு வரலேன்னா இந்த மாவட்டத்துல அவனுக்கு ஸ்டீரிங் கிடையாது. வேற தொழிலும் தெரியாது.

ஒரு சங்கதி எனக்கு இடிக்குது. எழுதி வச்சதைப் பாத்தேன். ராமேஸ்வரம் போய் நிக்காம திரும்புற அன்னைக்குக் குறையுறது கம்மி. ஏர்வாடி ட்ரிப்புல கூட. அங்க தர்காவுக்கு வந்தவங்க உள்ள போய்ட்டு வர மூணு மணி நேரம் ஆகும். வண்டியில இருக்கிற வயசானவங்க, கைப்பிள்ளைக்காரங்க ஏசியை அணைக்க விட மாட்டாங்க. இது ஏன்னு சொல்லுங்க.

மருதுபாண்டி

---

ஓசூர்
1-3-2008

மச்சான் அவர்களுக்கு,

ஏன் என்று கேட்கிறீர்கள். ஓடும் வண்டியிலிருந்து எவனாலும் பெட்ரோல் எடுக்க முடியாது. மூன்று மணி நேரம் சும்மா நிற்கும் வண்டியிலிருந்து எடுக்கலாம். இதற்கு ஒரு காயிதமும் ஐந்து ரூபாய் தபால்தலையும் செலவழித்திருக்கிறீர்கள்.

சூடம் அணைக்கும் செய்தி படித்தேன். இரண்டாயிரத்து எட்டில், ராக்கெட் விடுகிற நாட்டில், ஒருவன் பெட்ரோல் திருடினானா என்று கற்பூரத்திடம் கேட்கப் போகிறீர்கள். கற்பூரம் எத்தனை லிட்டர் வரைக்கும் அளக்கும் என்று ஊர்ப் பெரியவர்களை விசாரித்து எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் உட்காரும் ஒருவருக்காவது இன்ஜெக்டர் என்று சொல்ல வருமா? அந்தப் பக்கத்தில்தான் நான் ஐந்து வருஷம் பாடம் நடத்தினேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்புக்கூட வருவதில்லை.

இங்கே என் வேலை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கொட்டகைக்குள் இன்ஜினை இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்து ஓட்டுகிறோம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அது அறுநூறு கிலோமீட்டர் ஓடும். இருந்த இடத்திலேயே இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதுகிறேன். யாரும் என்னிடம் பேசுவதில்லை. மதியம் சாப்பிட்டேனா இல்லையா என்பது தட்டைப் பார்த்தால்தான் எனக்கே தெரிகிறது. வசதியாக இருக்கிறது.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன், அதோடு முடித்துக்கொள்ளலாம். பெட்டியின் பின்பக்கம் சின்னப் பொத்தான் இருக்கும். சாவியைப் போட்டுவிட்டு அதை அழுத்திப் பிடியுங்கள். நான் கழிக்கும் தாமதம் எவ்வளவு என்று ஓர் எண் வரும். அதை எழுதி அனுப்புங்கள். சரியான எண் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உங்கள் பஞ்சாயத்தில் அதைக் காட்டிச் சோணைமுத்துவை அனுப்பிவிடுங்கள். கற்பூரச் செலவாவது மிஞ்சும்.

நாகநாதன்

---

ஆர்.எஸ்.மங்கலம்
16-3-2008

மாப்பிள்ளைக்கு,

இந்தக் காயிதத்தைப் படிக்கிறதுக்கு முன்னால உக்காந்துக்கங்க. நான் ஒரு திருடனைப் புடிச்சிருக்கேன்.

சோணைமுத்து ஆள் விட்டுச் சொல்லி அனுப்புனான். "மாப்பிள்ளைக்கு நான் இல்லாம ஒரு ட்ரிப் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க"ன்னு. அதுவும் சரிதான்னு, போன வியாழக்கிழமை டேங்கை நிரப்பி, மூடிக்கு ரெண்டு பூட்டு போட்டு, சாவியை என் அரணாக்கயித்துல கட்டிக்கிட்டேன். எங்கம்மாவை ஏத்திக்கிட்டு நானே ஏர்வாடிக்கு ஓட்டுனேன். அங்கன மூணு மணி நேரம் வண்டியை அணைக்கல, ஏசியை அணைக்கல, நான் சீட்டை விட்டு எறங்கல. ஒண்ணுக்குக்கூடப் போகல. வீட்டுக்கு வந்து நிரப்புனேன். பெட்டி அஞ்சே முக்கால். பங்க்ல எட்டரை.

ஆக என் டேங்குல நானே திருடியிருக்கேன். எங்கம்மா கூட்டுக்களவாணி. எங்க ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை சூடம் ஏத்தச் சொல்லிரவா?

அங்கன நிக்கையில வேற வேலை இல்லாம பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தேன். வண்டி நின்னு உறுமுது, ஏசி ஓடுது, பெட்டியில நம்பர் நகரவே மாட்டேங்குது. ஓட ஆரம்பிச்சா நகருது. இதைச் சோணைமுத்து மூணு மாசத்துக்கு முன்னாலயே என்கிட்டச் சொன்னான். "அண்ணே, நின்னா இது தூங்குதுண்ணே"ன்னான். எட்டாம் கிளாஸ் படிச்சவன் சொன்னதை நான் கேக்கல. நீங்க அதைவிடப் பெரிய படிப்பு படிச்சு, ஊசி எழும்புதுன்னு எழுதிட்டீங்க.

நீங்க சொன்ன பொத்தானை அழுத்துனேன். 1.92 வந்துச்சு. மூணு தடவை அழுத்துனேன், மூணு தடவையும் 1.92 தான். கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்னீங்கள்ல, போடுங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு.

மருதுபாண்டி

---

ஓசூர்
20-3-2008

மச்சானுக்கு,

1.92 தப்பான எண். 0.87 இருக்க வேண்டும். சோணைமுத்து ஒரு சொட்டும் எடுக்கவில்லை.

ஊசி எழும்பும் நேரம் எப்போதும் ஒன்றாக இருக்காது. பேட்டரி தெம்பாக இருந்தால் சீக்கிரம் எழும்பும். பேட்டரி இறங்க இறங்க அதற்கு அதிக நேரம் பிடிக்கும். வண்டி ஓடும்போது பேட்டரி பதினான்கு வோல்ட்டில் இருக்கும். அப்போது தாமதம் 0.87. என் பெட்டி ஒவ்வொரு தடவையும் 1.92-ஐக் கழித்திருக்கிறது, இரண்டு மடங்குக்கு மேல். நிற்கும் வண்டியில் இன்ஜெக்டர் திறப்பதே கொஞ்ச நேரம்தான். அதில் அவ்வளவு கழித்தால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அதனால்தான் ஏர்வாடியில் எண் நகரவில்லை. சோணைமுத்து சொன்னது சரி. அவன் அளந்ததுதான் அளவு.

1.92 எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லாமல் இந்தக் கையெழுத்தைப் போட முடியாது. வெறுமனே 'பெட்டி தப்பு' என்று எழுதினால், 'மருதுபாண்டி மாப்பிள்ளை பாவம் பார்த்து டிரைவரை விட்டுவிட்டார்' என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். அந்த ஊரை எனக்குத் தெரியும்.

1.92 என்பது பேட்டரி பத்து வோல்ட்டுக்கு இறங்கியபோது அளந்தது. நான்தான் இறக்கினேன். பேட்டரி இறங்கும்போது தாமதம் எவ்வளவு கூடுகிறது என்று ஒரு அட்டவணை போட ஆசைப்பட்டேன். உச்சிப்புளியில் எங்கள் வாடகை வீட்டுக் கொட்டகையில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு மூன்றரை மணி நேரம் எரியவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்க, மேஜையில் இருந்த இன்னொரு இன்ஜெக்டரை அதே பேட்டரியில் இயக்கி அளந்தேன். கடைசியாக அளந்த எண்ணைப் பெட்டி வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் முழு அட்டவணையையும் ஏற்றலாம் என்று இருந்தேன். ஏற்றவில்லை. அன்று ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை.

தேதி உங்களுக்குத் தெரியும்.

உமையாள் வலி என்று காலையிலிருந்து சொன்னாள். இதோ வருகிறேன், இன்னும் ஒரு அளவுதான் என்று நான் சொன்னேன். பிறகு அவள் வாசல்படியில் விழுந்தாள். தூக்கிக் காரில் போட்டுச் சாவியைத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகவில்லை. ஆகாது என்று எனக்குத் தெரியும், பத்து வோல்ட் என்று அப்போதுதான் எழுதி வைத்திருந்தேன். இருந்தும் ஆறேழு தடவை திருப்பினேன். தள்ளிப் பார்த்தேன். அந்தத் தெரு முழுக்க மணல், சக்கரம் உருளவில்லை. பக்கத்து வீட்டு சபியாக்கா ரோட்டுக்கு ஓடி மீன் ஏற்றும் ஐஸ் வண்டி ஒன்றை மறித்துக் கொண்டுவந்தார். மொத்தம் ஐம்பது நிமிடம். ராமநாதபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, கர்ப்பம் குழாயில் தங்கி வெடித்து உள்ளே ரத்தம் இறங்கியிருக்கிறது, அரை மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்.

உங்கள் எல்லோரிடமும் நான் வேறு சொன்னேன். வலியை அவள் மறைத்துவிட்டாள், விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும் என்றேன். நம்பினீர்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, 'வலின்னா வாயைத் திறக்காத பிள்ளையா வளத்துட்டேனே' என்று அழுதபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேசவில்லை. அதைத் தினமும் கேட்க முடியாமல்தான் பஸ் ஏறினேன்.

கற்பூரத்தையும் ஊரையும் இகழ்ந்து எழுதினேன். ஒரு மனுஷன் பேரை நாசம் பண்ண அவர்களுக்குச் சத்தியமாவது தேவைப்பட்டது. எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

இதைச் சோணைமுத்துவைத் திருடன் என்று எங்கே சொன்னீர்களோ, யார் முன்னால் சொன்னீர்களோ, அங்கே படியுங்கள். ஒரு வரியும் விடாதீர்கள்.

நாகநாதன்

---

ஆர்.எஸ்.மங்கலம்
30-3-2008

நாகநாதனுக்கு,

இனிமே நீங்க வாங்கன்னு எழுதக் கை வரல.

உன் காயிதம் திங்கக்கிழமை வந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம மடியில வச்சிருந்தேன். நயினார்கோவில்ல ஸ்டாண்டு டிரைவருக பூராப் பேரும் வந்திருந்தாங்க, ஊருப் பெரியவங்க எட்டுப் பேரு. சோணைமுத்து வரமாட்டான்னு பந்தயம் கட்டியிருந்தாங்க. வந்தான். ராக்குவும் வந்துச்சு. சூடம் ஏத்தித் தட்டுல எரியுது. நான் காயிதத்தை எடுத்துப் படிச்சேன். நீ சொன்ன மாதிரி ஒரு வரி விடல. நடுவுல ரெண்டு இடத்துல பூசாரி வாங்கிப் படிச்சாரு.

தட்டுல சூடம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அணைக்கணும்ல. நான் அணைச்சேன். இவன் திருடன்னு சொன்னது பொய்யின்னு சொல்லி உள்ளங்கையால அணைச்சேன். சோணைமுத்து பக்கத்துல வந்து, "பெட்டியைக் கழட்டிருங்கண்ணே. வண்டியை விக்காதீங்க. வண்டி என்ன செய்யும் பாவம்"னான். சாவியை நீட்டுனேன், வாங்கல. ஸ்டாண்டுல வேற ஒருத்தரு அந்த இடத்துலயே சாவி குடுத்தாரு, அதை வாங்கிக்கிட்டான். என்னைத் தாண்டித்தான் போனான். ராக்கு திரும்பிப் பாக்கல.

படிச்சவன் படிச்சவன்னு உன்னைத் தலையில தூக்கி வச்சிருந்தோம். காலையில இருந்து ஒரு பொண்ணு வலிக்குதுன்னு நிக்குது, நீ லைட்டை எரிய விட்டுட்டு உக்காந்திருக்க. எங்க மாட்டுக்கு வலின்னாகூடக் கலப்பையை அங்கனயே போட்டுட்டு ஓடியாருவோம். உன்னைப் பத்தி இதுக்கு மேல எழுத எனக்குக் காயிதம் வேஸ்ட்டு.

நீ சாகலாம்னு எதுவும் நினைச்சு வச்சிருந்தா, அதைச் செய்யாதே. அந்தப் பாரத்தையும் எங்கம்மா தலையில போடாதே.

அம்மாகிட்ட நேத்துத்தான் சொன்னேன். நெல்லு பொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. சொளகைக் கீழ வைக்காமயே கேட்டுச்சு. முழுக்கக் கேட்டுட்டு, "அப்ப மறைக்கலயா? வாயைத் திறந்து சொன்னாளா?"ன்னுச்சு. ஆமான்னேன். எட்டு மாசத்துல மொத தடவையா நேத்து ராத்திரி ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டுச்சு.

இன்னைக்குக் காலையில என்னைக் கூப்பிட்டு, "உமையா எத்தனை தடவை சொன்னான்னு மாப்பிள்ளைகிட்டக் கேட்டு எழுது"ன்னுச்சு. எதுக்கும்மான்னேன். கேளுன்னுச்சு.

அதுக்கு மட்டும் பதில் எழுது. வேற எதுவும் எழுதாதே.

மருதுபாண்டி

---

ஓசூர்
4-4-2008

அத்தைக்கு,

ஆறு தடவை.

ஐந்து தடவை 'என்னங்க' என்றாள். ஆறாவது தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

நாகநாதன்